வண்டூரில் பையைத் திறக்கச் சொன்னார்கள்
வடக்குக் கரை – 17

வண்டூர் படகுத்துறையில் வனத்துறைக்காரர் ஒருவர் என் பையைத் திறக்கச் சொன்னார். பிஸ்கட் பாக்கெட், பாலிதீன் உறை, தண்ணீர் பாட்டில் எல்லாம் மேசைக்கு வந்தன. “இங்கயே இருக்கட்டும் சார், திரும்பி வந்து எடுத்துக்கலாம்” என்றார், நல்ல தமிழில். அந்தமானில் தமிழ் கேட்பது அதிசயமில்லை.

சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி மூன்று நாள் பங்க் வகுப்பில் கிடந்து, சுமார் 1,200 கிலோமீட்டர் தாண்டி வந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். வண்டூரிலிருந்து அலையாத்திக் காடுகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பயணம். வந்து சேருவது ஜாலிபாய் தீவு. 1983இல் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 15 தீவுகளில் ஒன்று. இங்கே கடை இல்லை, விடுதி இல்லை. மழைக்காலத்தில் இதற்கு ஓய்வு கொடுத்து, ரெட்ஸ்கின் தீவைத் திறக்கிறார்கள்.

ராயபுரத்தில் பிறந்த எனக்குக் கடல் என்றால் அதன் மேல்பரப்புதான். மூச்சுக்குழலைக் கடித்துக்கொண்டு முகத்தை நீருக்குள் வைத்ததும் அடி தெரிந்தது! மணலின் வரிகள்கூடத் தெரிந்தன. கிளிமீன் ஒன்று பவளப் பாறையைக் கொறித்தது; அந்தச் சத்தம் காதில் விழுந்தது. காசிமேட்டு ஏலத்தில் ஐஸில் கிடக்கப் பார்த்த மீன் அது. அது தின்று கழிக்கும் பவளத் துகளும் கரையின் வெள்ளை மணலில் சேர்கிறது. எல்லாமே செழிப்பாக இருந்ததென்று சொல்ல மாட்டேன். 2010இல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்த திட்டுகளையும் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து, ஹேவ்லாக் என்று நாம் அறிந்த சுவராஜ் தீவில் சிலிண்டர் கட்டி இறங்கினேன். பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரு மடங்கு. மூக்கைப் பிடித்து ஊதிக் காதைச் சரிசெய்தபடியே இறங்க வேண்டும். நீருக்குள் கட்டைவிரலைத் தூக்கினால் ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம். ‘நன்றாக இருக்கிறேன்’ என்பதற்கு வேறு சைகை.

ஊர் திரும்பி, எங்கள் தெருப் பெரியவரிடம் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். நாற்பது வருடம் கட்டுமரம் போனவர். “நம்ம பாருலயும் மீனு இப்டித்தான் மேயும்பா. தண்ணி தெளியணும், அவ்ளோதான்” என்றார். கடலடிப் பாறைத்திட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் பார்.

அவர் சொன்னதைக் கேட்டு, நம் பக்கத்துத் தண்ணீரைப் பார்க்க மறுநாள் சென்னைக்கு வடக்கேயுள்ள காட்டுப்பள்ளிக்குப் போனேன். கொற்றலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் ஒரு பக்கம், வங்கக் கடல் மறுபக்கம். அதுவும் தீவுதான். கடல் பழவேற்காட்டு ஏரிக்குள் புகுந்துவிடாமல் தடுத்து நிற்கும் மணல்மேடு அது. இன்று அங்கே துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் இருக்கின்றன. பக்கத்து ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் சேறாகப் படிந்திருக்கிறது. கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்கள் அந்தச் சேற்றில்தான் விரலை விடுகிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலியிலிருந்து வந்த எண்ணெயை மீனவர்கள் வாளியால் அள்ளினார்கள்.

ஜாலிபாய்க்கு ஒரு பிஸ்கட் உறை போகக்கூடாது. காட்டுப்பள்ளிக்கு எது வந்தாலும் யாரும் பையைத் திறக்கச் சொல்லவில்லை. சட்டக் காவலும் நிரந்தரமில்லை. கிரேட் நிக்கோபாரில், உலகின் மிகப் பெரிய கடலாமை முட்டையிடும் கலாத்தியா வளைகுடாவின் சரணாலய அந்தஸ்தைத் துறைமுகத்துக்காக 2021இல் எடுத்துவிட்டார்கள்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராகப் பெருக்கத் திட்டம் இருக்கிறது. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடக்கவில்லை. மறுபடி தேதி அறிவித்தால், மீனவர்களை மட்டும் பேச விட்டுவிடாதீர்கள். நீங்களும் வாருங்கள்.