நிமிர்த்திய முழங்கால் நிலைத்து நிற்குமா?

முட்டி வலி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது செயற்கை மூட்டுதான். ஆனால், எல்லாருக்கும் அது தேவைப்படுவதில்லை. கால் வில்போல் வளைந்து முட்டியின் உட்புறம் மட்டும் தேய்ந்தவர்களுக்கு, குறிப்பாக 60 வயதுக்குட்பட்டு ஓடியாடி உழைப்பவர்களுக்கு, எலும்பை வெட்டி நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை உண்டு. பாயான் பாருவை அடுத்த தொழிற்பேட்டையில் நின்றபடியே வேலை செய்பவருக்கும், தைப்பூசத்தன்று தண்ணீர்மலையின் 500க்கும் மேற்பட்ட படிகளை ஏற விரும்புபவருக்கும் சொந்த முட்டியைக் காப்பாற்றிக் கொள்வது பெரிய காரியம் அல்லவா?

வெட்டிய எலும்பு பாரம் தாங்குமா என்பதே நோயாளிகளின் முதல் அச்சம். அந்த அச்சம் நியாயமானதே. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு பாரம் முட்டியில் இறங்குகிறது. 70 கிலோ எடையுள்ளவரின் முட்டி 140 முதல் 210 கிலோ வரை சுமக்கிறது. கால் வளைந்திருந்தால் அந்தப் பாரத்தின் பெரும்பங்கு உட்புறமே விழும். உட்புறம் தேயத் தேய வளைவும் கூடும்.

அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையைச் சேர்ந்த மார்க் கவன்ட்ரி 1965இல் இச்சிகிச்சை பற்றி எழுதியபின் இது பரவலானது. அவர் வெளிப்புறத்தில் ஆப்பு வடிவில் எலும்பை எடுத்து இடைவெளியை மூடினார். இன்று பெரும்பாலும் உட்புறத்தில் வெட்டி, மெல்ல விரித்து, பாரம் விழும் கோட்டைச் சற்று வெளிப்புறமாக நகர்த்துகிறார்கள்.

இதற்கு மூன்று காவல்கள் உண்டு. முதலாவது, வெளிப்புறத்தில் வெட்டாமல் விடப்படும் சுமார் 1 சென்டிமீட்டர் எலும்பு. கதவுக்குக் கீல் போன்றது இது. இரண்டாவது, உட்புறம் பொருத்தும் உலோக பிளேட். இதில் ஸ்க்ரூவின் தலை பிளேட்டிலேயே முறுகிப் பூட்டிக்கொள்வதால் எளிதில் ஆடாது. மூன்றாவது, முன்பக்கத்தில் வேறு கோணத்தில் போடும் இரண்டாவது வெட்டு. எலும்பு பக்கவாட்டில் திரும்பாமல் இது தடுக்கிறது.

கீல் விரிசல் கண்டால் பாரம் பிளேட்டின் மேல் கூடுதலாக விழும். எலும்பு சேரத் தாமதமாகும். நிமிர்த்திய கோணமும் மாறிவிடலாம். ஜப்பானிய மருத்துவர் தாக்கேயூச்சி குழுவினர் 2012இல் இவ்விரிசல்களை மூன்றாகப் பிரித்தனர். அவற்றுள் கீழ்நோக்கி இறங்குவதும், மூட்டுக்குள் புகுவதும் அதிகக் கவனம் தேவைப்படுபவை.

மீதிப் பொறுப்பு நோயாளியுடையது. ஊன்றுகோலை எப்போது விடலாம் என்பதை எக்ஸ்ரே பார்த்து மருத்துவரே சொல்ல வேண்டும். பூட்டும் பிளேட் பொருத்தியவர்களில் பலர் ஆறு வாரத்திற்குள் முழு எடையையும் ஊன்றி நடக்கிறார்கள். ஆனால், வலி குறைந்ததாலேயே எலும்பு சேர்ந்துவிட்டதாகாது. அதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். சிகரெட் எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும். இனிப்பு நீர் உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். குறைந்திருந்த வலி திடீரென வெளிப்புறத்தில் கூடினாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ, காயத்தில் நீர் வடிந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பிளேட் என்பது வீடு கட்டும்போது நிற்கும் சாரம். வீடு எழும்வரை சாரத்தை ஆட்டாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.