அட்டவணையில் இருந்த ஒரு வரி

1986-ஆம் வருஷம் பார்லிமெண்டின் இரு சபைகளும் நிறைவேற்றி அனுப்பிய தபால் மசோதா ஒன்று, கடிதங்களை இடைமறித்துப் பார்க்கும் அதிகாரத்தைச் சர்க்காருக்கு வரம்பின்றித் தருகிறது என்ற ஆட்சேபம் தேசமெங்கும் எழுந்துகொண்டிருக்கையில் ஜனாதிபதி மாளிகையைச் சென்றடைந்து, அங்கே கையெழுத்தும் பெறாமல், திருப்பி அனுப்பவும் படாமல் சில வருஷம் உறங்கிக் கிடந்து, 1990-இல் மறுபரிசீலனைக்காகத் திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் 2002-இல் வாபஸ் வாங்கப்பட்ட கதையை அரசியல் பேசுகிறவர்களில் அறியாதவர் குறைவு. கடிதத்தின் ரகசியம் மனிதனுடைய கௌரவத்தைத் தொடுவதாகையால் அதைப் பற்றிய சர்ச்சை எப்போதுமே உரத்த குரலில்தான் நடக்கும். 1898-ஆம் வருஷத்துச் சட்டத்தை அகற்றிவிட்டு 2023 டிசம்பரில் புதிய அஞ்சல் சட்டத்தை இயற்றியபோதும் வெளியே பலமாக அடிபட்டது அந்த இடைமறிப்பு அதிகாரந்தான். எனக்கோ அதைவிட, தபால் கட்டணத்தை யார் நிர்ணயிப்பது என்று அடக்க ஒடுக்கமாகச் சொல்லிவிட்டுப் போகும் இன்னொரு பிரிவே கவலை தருகிறது.

பழைய சட்டத்தின் இறுதியில் ஓர் அட்டவணை இருந்தது. கார்டுக்கு இவ்வளவு, கவருக்கு இவ்வளவு என்று அது விதித்த உச்சவரம்புக்கு மேல் ஒரு காசு கூட்ட வேண்டுமானாலும், அதை நிதி மசோதாவில் எழுதிப் பார்லிமெண்டின் சம்மதத்தைப் பெற்றாக வேண்டும். அதனால்தான் வருமான வரிக்கு உட்படும் பாக்கியமே வாய்க்காத ஜனங்களும் பட்ஜெட் தினத்தன்று மாலையில் கார்டு விலை ஏறிற்றா என்று விசாரித்தார்கள். அச்சிட்டு ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவுக்குச் சற்றும் கட்டாத ஐம்பது காசில் போஸ்ட் கார்டு வருஷக் கணக்காக நின்றதற்கு, சபை நடுவே ஏழையின் கார்டில் கைவைக்க எல்லா மந்திரிகளுக்கும் இருந்த கூச்சமே பாதிக் காரணம் என்பது என் அபிப்பிராயம். புதிய சட்டத்தில் அட்டவணை இல்லை. இலாகாவின் தலைமை அதிகாரி வகுக்கும் ஒழுங்குமுறைகளே கட்டணத்தைச் சொல்லும். கூரியர் கம்பெனிகளோடு போட்டியிட வேண்டிய இலாகாவுக்கு இந்தச் சுதந்திரம் அவசியம் என்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. இத்தகைய விதிகளைச் சபையின் மேசைமேல் முப்பது நாள் வைக்கும் மரபும், அவற்றை ஆராய இரு சபைகளிலும் ஒவ்வொரு குழுவும் இருக்கின்றனவே என்றும் சொல்லலாம். ஆனால் உறுப்பினரைக் கேட்டுக்கொண்டு எழுந்து நிற்கும் மசோதா வேறு, யாராவது எடுத்துப் பார்க்கமாட்டார்களா என்று மேசைமேல் கிடக்கும் காகிதம் வேறு.

சட்டத்தில் எழுதிவைத்த ஒரு வரி எப்படிக் குறுக்கே நிற்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2013 பிப்ரவரியில், சனிக்கிழமைகளில் கடிதப் பட்டுவாடாவை நிறுத்தப்போவதாகத் தபால் ஸ்தாபனம் அறிவித்தது. வாரத்தில் ஆறு நாள் பட்டுவாடா நடக்கவேண்டும் என்று நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் காங்கிரஸ் வருஷந்தோறும் சேர்த்துவந்த நிபந்தனை குறுக்கே நின்றது. ஏப்ரலில் அந்த யோசனை கைவிடப்பட்டது.

நம்முடைய அட்டவணையிலும் அப்படிக் குறுக்கே நிற்கக்கூடிய ஒரு வரி இருந்தது. புத்தகங்களுக்கும் மாதிரிப் பொட்டலங்களுக்கும் உரிய கட்டணத்தைச் சொல்லும் வரி அது. கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, உறையை ஒட்டாமல் உள்ளே மடித்துவிட்டு, மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதித் தபாலில் சேர்த்த எந்தக் குடும்பமும், தான் பார்லிமெண்டின் சட்டமொன்றை அனுபவித்துக்கொண்டிருப்பதாக நினைத்திராது. பழைய சட்டத்தோடு அந்த வரியும் போயிற்று. 2024 டிசம்பரில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்த கையோடு புக் போஸ்டும் மறைந்தது. பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்க்கும் அறிவிப்பு மறு வருஷம் வந்தபோது ஊரே புலம்பிற்று. புக் போஸ்டுக்கு அழுதவர்கள் புத்தகக்காரர்கள் மட்டுமே. அவர்களுடைய முறையீட்டுக்குப் பின்னால், 2025 மே முதல் தேதி, 300 கிராமுக்கு 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாய்வரை செல்லும் 'ஞான் போஸ்ட்' பிறந்தது. கொடுத்ததும் ஓர் உத்தரவு, எடுத்ததும் ஓர் உத்தரவு. அதிலும் குறிப்பிட்ட இடைவெளியில் வெளிவரும் பத்திரிகைகளுக்கு இடமில்லை.

இருநூறு பிரதி அச்சிட்டு, அதில் பாதியை இனாமாகவே அனுப்பும் ஒரு சிற்றிதழ்க்காரர் எனக்குச் சிநேகிதர். பதிவெண் இல்லாத பத்திரிகையாதலால் செய்தித்தாளுக்குரிய சலுகையும் அவருக்குக் கிடையாது. விலாசம் எழுதி, முனை திறந்து, சிவப்பு மையால் வலது மூலையில் 'புக் போஸ்ட்' என்று குறித்த கட்டை அவர் வழக்கம்போலத் தபாலாபீஸ் ஜன்னலில் நீட்ட, உள்ளேயிருந்தவர், "அந்த வழியெல்லாம் எடுத்துட்டாங்க சார், ஸ்பீட் போஸ்டா, பார்சலா?" என்று மரியாதையாகவே கேட்டாராம். சிநேகிதர் ஜன்னலோரத்திலேயே நின்று கணக்குப் போட்டுப் பார்த்து, சந்தாக்காரர்களுக்கு உரிய முப்பத்தேழை மட்டும் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு திரும்பினார்.