சல்லிதானே என்று தள்ளாதீர்!

“சல்லிக் காசு பெறாதவன்” என்று ஒருவனை ஏசுவார்கள் நம் ஊரில். சல்லி அவ்வளவு அற்பம்! ஆனால் அதே சல்லி, காசாக வராமல் கல்லாக வந்து, சாலையின் வளைவில் நாலு கூடை அளவு சிதறிக் கிடந்தால், ஒரு குடும்பத்தின் மூன்று மாதச் சோற்றைப் பறித்துக்கொண்டு போய்விடும். போனதைக் கண்ணால் கண்டவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

காஞ்சிக்குத் தெற்கே, பாலாற்றுக்கு அப்பால் ஒரு சிற்றூர். அங்கே ஒரு நெசவாளத் தோழர். நெய்து முடித்த சேலையைக் காஞ்சியில் கொடுத்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு, அடுத்த சேலைக்கான பட்டையும் ஜரிகையையும் மடியிலே குழந்தையை வைப்பதுபோல் வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு, அந்தி நேரத்தில் மொபெட்டில் திரும்பினார். பழகிய பாதை. ஏரிக்கரைத் திருப்பம். காலையில் போனபோது அங்கே கல் இல்லை. பகலில் போன எந்த லாரியோ கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. கண்டதும் பிரேக்கைப் பிடித்தார். அவ்வளவுதான்! முன் சக்கரம் வழுக்கியது. விழுகிற எந்த மனிதனும் செய்வதைத்தான் அவரும் செய்தார். வலக் கையைத் தரையில் ஊன்றினார். மணிக்கட்டு முறிந்தது.

உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். உண்மைதான். ஆனால் தோழர்களே, தறிகாரனுக்குக் கை எது, உயிர் எது? நாடாவை ஓட்டுவது எது? பண்ணையை இழுத்து ஊடையை அடிப்பது எது? அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பது எது? பட்டு நூலுக்கு முரட்டுத்தனம் ஆகாது. உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தாலே இழை சிக்கிக்கொள்ளும். எலும்பே முறிந்தால்? பாதி நெய்த சேலை தறியிலேயே நின்றது. நெய்து முடித்தால்தானே கூலி! கடனுக்கோ விடுமுறை இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை. நாடு முழுதும் பாருங்கள். மத்திய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். காரில் போகிறவனைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. இரு சக்கர வண்டியில் போகிற பாட்டாளியைச் சுற்றி என்ன இருக்கிறது? காற்று!

கல் ஏன் உருள்கிறது?

களத்து மேட்டில் கேழ்வரகைப் பரப்பி, அதன்மேல் வேகமாக நடந்து பாருங்கள். கால் தரையில் படாது. தானியத்தின் மேல்தான் படும். தானியம் உருளும், காலும் கூடவே போகும். சாலையில் கிடக்கும் சல்லியும் அப்படித்தான். டயர் சாலையைப் பிடித்தால்தான் வண்டி நிற்கும், திரும்பும். நடுவிலே கல் புகுந்துகொண்டால், பிடிப்பு போயிற்று!

கப்பிச் சாலை போடும் முறையை வகுத்துப் பெயர் பெற்றவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்கடம். 1756இல் பிறந்து 1836இல் மறைந்தவர். சிறு சிறு கற்களாக உடைத்துப் பரப்பினால், வண்டிகளின் இரும்புப் பட்டைச் சக்கரங்களே அவற்றை நெருக்கி, ஒன்றோடொன்று கோத்து இறுக்கிவிடும் என்று கண்டார். மாட்டு வண்டிக் காலத்துக்கு அது பொருந்தியது. பின்னே மோட்டார் வந்தது. வேகமாக ஓடும் ரப்பர் டயர் கல்லை இறுக்குவதில்லை. இடுக்கிலிருக்கும் பொடியைப் பெயர்த்துப் புழுதியாகப் பறக்க விடுகிறது. பொடி போனால் கல் தளர்கிறது. தளர்ந்த கல் வெளியே வந்து உருள்கிறது. அதனால்தான் கப்பியின் மேல் தார் போடவேண்டிய தேவை பிறந்தது.

ஆக, கப்பியைக் கொட்டி உருளையை ஓட்டிவிட்டு, தார் போடாமல் மாதக் கணக்கில் போட்டுவைப்பது பாதி வேலை அல்ல, புது ஆபத்து! பள்ளத்தை அடைக்கிறேன் என்று வெறும் ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போவதும் அப்படியே. பள்ளமாவது இருந்த இடத்தில் இருக்கும். ஜல்லி ஊர் சுற்றும்!

ஓட்டுகிறவர் அறியவேண்டியவை

சாலையைச் செப்பனிடும்வரை நாம் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? நூல் வாங்கப் போகவேண்டும். தறியை விட்ட பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்டுக்குப் போகவேண்டும். ஆகவே முறையைக் கற்போம்.

முதலாவது, வேகத்தைக் கல்லுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். கல்லின் மேல் வந்தபிறகு அல்ல. வேகம் பாதியானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஏறக்குறைய கால்பங்காகிவிடும். நாற்பதில் போகிறவர் இருபதுக்கு வருவதால் இழப்பது அரை நிமிடம். வராவிட்டால் இழப்பது என்னவென்று ஏரிக்கரைத் தோழர் சொல்வார்.

இரண்டாவது, கல்லின் மேல் இருக்கும்போது முன் பிரேக்கைத் தொடாதீர்கள். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி ஆடும், பெரும்பாலும் சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே இராது. 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் 125 சி.சி. வரையிலான புது வண்டிகளில் பின் பிரேக்கைப் பிடித்தாலே முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு உண்டு. கெட்டியான சாலையில் அது நன்மை. கல்லின் மேல் அதையும் மெல்லத்தான் தொடவேண்டும். எந்தப் பிரேக்கும் உருளும் கல்லுக்குப் பிடிப்பைக் கொடுத்துவிடாது.

மூன்றாவது, வண்டியைச் சாய்க்காமல் நேராகப் போக விடுங்கள். திருப்பவேண்டுமானால் கல்லுக்கு முன்போ பின்போ திருப்புங்கள். வளைவு முழுதுமே கல்லாக இருந்தால், நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுங்கள். அந்த வேகத்தில் காலை ஊன்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் கூடாது. கணுக்கால் போய்விடும். தறிக்குழியில் மிதிக்கவேண்டிய கால் அது!

நான்காவது, ஆக்ஸிலேட்டரைப் படாரென்று விடவும் கூடாது, முறுக்கவும் கூடாது. ஒரே சீராக இருக்கட்டும். கைப்பிடியை உடும்புப் பிடியாகப் பிடிக்காதீர்கள். முன் சக்கரம் சிறிது அலையும், அலையட்டும். இறுக்கிப் பிடித்து எதிர்த் திசையில் வெட்டுகிறவர்தாம் விழுகிறார். கண் பார்க்கும் இடத்துக்குத்தான் வண்டி போகும். எனவே, பள்ளத்தையே பார்க்காமல் போகவேண்டிய வழியைப் பாருங்கள்.

ஐந்தாவது, லாரிச் சக்கரங்கள் ஓடித் தேய்ந்த தடத்தில் போங்கள். கல் நடுவிலும் ஓரத்திலும் ஒதுங்கியிருக்கும். தடத்தில் குறைவாக இருக்கும். ஆனால் லாரியை ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். அதன் டயர் வீசும் கல் நேரே முகத்துக்கு வரும்.

சுமையை உயரமாகக் கட்டாதீர்கள். தேய்ந்த டயரை இன்னும் ஒரு சேலைக்கூலி வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். “பக்கத்து ஊர்தானே” என்று தலைக்கவசத்தை ஆணியில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள். ஏரிக்கரை பக்கத்து ஊரில்தான் இருந்தது! கவசத்தைப் போட்டு, வாரையும் மாட்டுங்கள். தடித்த கையுறை ஒரு ஜோடி வாங்குங்கள். பட்டுக்கு உறை போடுகிறோம். பட்டை நெய்யும் கைக்குப் போடக்கூடாதா?

அடிபட்டவரைக் கண்டால், வழக்கு வருமோ என்று விலகிப் போகாதீர்கள். 108க்குச் சொல்லுங்கள். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்புத் தந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், சாலை விபத்தில் காயமுற்றவருக்கு முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. இதைப் பத்துப் பேருக்குச் சொல்லுங்கள்.

குற்றம் யாருடையது?

இவ்வளவும் சொன்னதும் ஒரு கனவான் கேட்பார்: “அப்படியானால் ஓட்டுகிறவர்கள்தாமே கவனமாக இருக்கவேண்டும்?” இருக்கிறோம் ஐயா, இருக்கிறோம்! கல்லைக் கொட்டியவர் எப்போது கவனமாக இருப்பார்?

உத்திரமேரூர், வாலாஜாபாத் வட்டாரங்களில் கல் குவாரிகள் இருக்கின்றன. அங்கிருந்து ஜல்லி ஏற்றிய லாரிகள் நம் கிராமச் சாலைகளில்தான் ஓடுகின்றன. விளிம்புக்கு மேல் கோபுரமாக ஏற்றாமல், தார்ப்பாயைப் போர்த்திக் கட்டினால் கல் சிந்துமா? சாலைப் பணி நடக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகையும் இரவில் விளக்கும் வைத்தால் ஒப்பந்தக்காரர் ஓட்டாண்டியாகிவிடுவாரா? தார் போட்டு முடித்ததும் மிகுந்த சிப்ஸைக் கூட்டி அள்ள எத்தனை துடைப்பம் வேண்டும்?

சட்டம் இல்லாமல் இல்லை. அதே மோட்டார் வாகனச் சட்டத்தில் 198-ஏ என்றொரு பிரிவு சேர்ந்திருக்கிறது. சாலையை அமைப்பவரும் பராமரிப்பவரும் வகுத்த தரத்தைக் கடைப்பிடிக்காமல், அதனால் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். அதுவும் கைமுறிந்தவர் கைக்கு வருவதில்லை. விபத்து நிதிக்குப் போகிறது. கோடிக் கணக்கில் ஒப்பந்தம் எடுப்பவருக்கு ஒரு லட்சம் என்ன கணக்கு? ஆனாலும் ஒரு பிடி கிடைத்திருக்கிறது. பிடித்துக்கொள்ளத் தெரியவேண்டும்!

நம் வட்டாரத்துக்கு ஒரு பெருமை உண்டு. 919, 921ஆம் ஆண்டுகளில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூர்க் கோயில் சுவரில் குடவோலை முறையைக் கல்லிலே வெட்டி வைத்தார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி அதில் இடமில்லை என்று எழுதினார்கள்! ஆயிரம் ஆண்டுக்கு முன் ஏரிக்குக் கணக்குக் கேட்ட மண்ணில், இன்று ஏரிக்கரைச் சாலைக்குக் கணக்குக் கேட்கக் கூசலாமா?

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 — இந்நாட்களில் கிராம சபை கூடுகிறது. போய் உட்காருங்கள். இந்தச் சாலை ஊராட்சியினுடையதா, ஒன்றியத்தினுடையதா, நெடுஞ்சாலைத் துறையினுடையதா என்று கேளுங்கள். கப்பி கொட்டியது எந்நாள், தார் போடும் நாள் எது என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அதுவரை, ஊர் இளைஞர்கள் நாலு பேர் தென்னந்துடைப்பத்தோடு திருப்பத்துக்குப் போய்க் கல்லை ஒதுக்கினால் அது கேவலமல்ல. ஆனால் ஒதுக்கியதோடு நிறுத்திக்கொண்டால் அது ஏமாளித்தனம். ஒரு கையில் துடைப்பம், மறு கையில் மனு!

புல்லட் வண்டி செய்கிற ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலைகள் நம் காஞ்சி மாவட்டத்திலேயே, ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கின்றன. ஊரே வியக்கும் வண்டி இங்கே உருவாகிறது. உலகம் உடுக்க விரும்பும் பட்டும் இங்கே உருவாகிறது. இரண்டையும் உருவாக்கும் கைகள் வீடு திரும்பும் வழியில்தான் சல்லி உருள்கிறது.

ஏரிக்கரைத் தோழர் மறுபடி தறியில் உட்கார்ந்துவிட்டார். பண்ணையை இழுக்கும்போது மணிக்கட்டு வலிக்கிறது என்கிறார். போன வாரம் அந்த வழியாகப் போனேன். திருப்பத்தில் கல் அப்படியே கிடக்கிறது.