சோளத் தூரின் அடியில்

வேப்பங்கிளையிலே குடியேறும் புல்லுருவி, பட்டப்பகலில் எல்லோரும் பார்க்கத் திருடுகிற ஜாதி. கரிசல் காட்டுச் சோளத்தைப் பற்றும் சுடுமல்லியோ, பூமிக்கு மேலே தலைகாட்டுமுன்பே தன் காரியத்தில் பெரும்பகுதியை முடித்துவிடுகிறது. அருப்புக்கோட்டைப் பக்கத்துப் புஞ்சையில் மண்ணிலே ஈரமிருக்கப் பயிர் மட்டும் அனல் பட்டதுபோல் வாடுவதைக் கண்டு திகைக்கும் சம்சாரிக்கு, சில வாரங்கள் கழித்துச் சோளத்தின் காலடியில் சாண் உயரச் செடியொன்று வெள்ளைப் பூவோடு எழும்பும்போதுதான் காரணம் விளங்கும். அப்போது ஒரு தூரைப் பெயர்த்து வாளித் தண்ணீரில் அலசினால், வெளிச்சம் காணாத வெண்முளைகள் இன்னும் சில, வேரைக் கவ்விக்கொண்டிருப்பதையும் காணலாம்.

ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். தூசி போன்ற அவ்விதை, திரியில் நெருப்புப் படாத சிவகாசி வெடியைப்போல, பத்து வருஷத்துக்கு மேலும் மண்ணுக்குள் காத்துக் கிடக்க வல்லது. மழை மட்டும் அதை எழுப்பிவிடாது. ஈரத்தில் சில தினங்கள் ஊறிய பின், பக்கத்து வேரொன்று கசியவிடும் ரசாயன வஸ்துவின் வாடையும் பட வேண்டும். முளைத்த சில தினங்களுக்குள் வேரை எட்டினால் பிழைப்பு, எட்டாவிட்டால் மரணம். எட்டிய நுனி பருத்து உறிஞ்சு உறுப்பாக மாறி, சோள வேரைத் துளைத்து, நீரேற்றும் குழாய்களோடு தன் குழாய்களை இணைத்துக்கொள்கிறது. வறட்சியிலே சோளம் இலைத்துளைகளை மூடிச் சிக்கனம் பிடிக்க, சுடுமல்லி திறந்தே வைத்திருப்பதால், நீரும் அதில் கரைந்த தழைச்சத்தும் அதன் பக்கமே இழுபடுகின்றன. பச்சை இலை இருந்தும், சோளம் சமைத்த ஆகாரத்திலும் பங்கு கேட்கிறது.

அந்த வாடைப் பொருளை 1966-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் முதன்முதலில் பிரித்தெடுத்தது, வேடிக்கையாக, பருத்தி வேரிலிருந்து. ஸ்ட்ரைகால் என்று அதற்குப் பெயர். பருத்தியைச் சுடுமல்லியால் பற்ற முடியாது. வாடையை நம்பி முளைத்துப் பட்டினியால் மடியும். பருத்தியும் சோளமும் மாற்றி விதைத்த நம் கரிசல் வழக்கம், அறிந்தோ அறியாமலோ, இந்தத் திருடனுக்குப் பொறி வைத்தது என்றே நான் கருதுகிறேன்.

தன்னைக் காட்டிக்கொடுக்கும் வஸ்துவைப் பயிர் ஏன் கசியவிடுகிறது? 2005-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் விடை கண்டார்கள்: மண்ணிலிருந்து மணிச்சத்தைத் திரட்டித் தரும் நேசப் பூஞ்சைக்கு வேர் விடுக்கும் அழைப்பு அது, சுடுமல்லி அதை ஒட்டுக்கேட்கிறது.