காலில் பிறந்து நெஞ்சை அடைக்கும் ரத்தக்கட்டி!

தாம்பரம் சானடோரியம் என்றதும் நெஞ்சு நோய் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். 1928-ம் ஆண்டு டாக்டர் சவுரி முத்து தொடங்கியது அது. ஆனால், நுரையீரலுக்கு வரும் ஆபத்து எல்லாம் நெஞ்சில் பிறப்பது இல்லை. காலில் பிறப்பதும் உண்டு!

ஆபரேஷன் ஆனவர் பல நாள் படுத்தே கிடக்கிறார். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறியவர் நெல்லை வரை காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இப்படி அசையாமல் இருந்தால், காலின் ஆழத்தில் உள்ள ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டி ஆகலாம். பெரும்பாலும் ஒரு கால் மட்டும் வீங்கும், வலிக்கும். அந்தக் கட்டி நகர்ந்து போய் நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

குழாய் வைத்தியம்

பலருக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தே போதும். கட்டி தொடை, இடுப்பு வரை அடைத்திருந்தால், சிலருக்கு முழங்காலின் பின்புறம் ஊசி குத்தி, மெல்லிய குழாயைக் கட்டிக்குள் செலுத்துவார்கள். அதன் வழியே கரைக்கும் மருந்து இறங்கும். ஒரு நாள்கூட ஆகலாம்.

இங்கேதான் கவனம் வேண்டும். எது கெட்ட கட்டி, எது காயத்தை மூடிய நல்ல கட்டி என்று மருந்துக்குத் தெரியாது. இரண்டையும் கரைக்கும்! அதனால் ரத்தம் கசியலாம்.

அமெரிக்காவில் 692 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 2017-ல் வெளியானது. குழாய் வைத்தியம் செய்துகொண்டவர்களில், முதல் 10 நாளில், ஆயிரத்துக்கு 17 பேர் என்ற கணக்கில் பெரிய ரத்தக்கசிவு ஏற்பட்டது. மற்றவர்களில் ஆயிரத்துக்கு 3 பேர்தான்.

ஆகவே, முன்பு பக்கவாதம் வந்ததா, குடல் புண் உண்டா என்று டாக்டர் கேட்டால் மறைக்காதீர்கள்.

உடன் இருப்பவருக்கு

சில மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். அது நோயாளியின் பாதுகாப்புக்குத்தான். குத்திய இடத்தில் சிறிது கசிந்தால், நர்ஸ் அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆனால் கடும் தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல் வந்தால், மூளையில் ரத்தம் கசியலாம். மூச்சுத் திணறினால், கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். "தூங்கினால் சரியாகிவிடும்" என்று இருக்காதீர்கள். அந்த நொடியே நர்சைக் கூப்பிடுங்கள். கரைக்கும் மருந்தை நிறுத்துவதா என்று டாக்டர் முடிவு செய்வார். சிறுநீர் சிவந்தாலும் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

வீக்கம் வடிந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மீண்டும் கட்டி வரலாம். கால் வலிக்கிறது என்று கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். வயிற்றில் ரத்தம் கசியலாம். மலம் தார் போலக் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் 108-க்குப் போன் செய்யுங்கள்.

கட்டியைக் கரைப்பது டாக்டர் வேலை. கண் விழித்துக் கவனிப்பது வீட்டார் வேலை!