கரும்பின் மரபறிந்த அம்மையார்

இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரைப் பாறைகளில் தொல்லுயிர்களின் புதைபடிவங்களைத் தேடிக் கண்டவர் மேரி ஆனிங் (1799–1847). அவர் 1823-இல் கண்டெடுத்த கடல்வாழ் ஊர்வன ஒன்றின் முழு எலும்புக்கூடு, மறு ஆண்டு அறிஞர் அவையில் விளக்கப்பட்டபோது அவர் பெயர் சுட்டப்படவில்லை. இலண்டன் புவியியல் கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்றதே 1919-இல்தான். உழைத்த பெண்ணின் பெயர் மறைவது அயல்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் கொங்கு மண்ணிலும் அதனைக் காண்கிறோம்.

கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1934 முதல் 1939 வரை மரபியல் ஆய்வு நிகழ்த்தியவர் ஜானகி அம்மாள். 1897-இல் தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் பயின்று, 1931-இல் அமெரிக்க மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றவர்.

அவர்தம் ஆய்வு யாது? கரும்பு இனிமை மிக்கது. ஆயினும் நோய்க்கும் வறட்சிக்கும் எளிதில் தளர்வது. ஆற்றங்கரையில் தானே வளரும் நாணலோ இனிமையற்றது. ஆனால் உரம் மிக்கது. இவ்விரண்டையும் கலந்து கோவையில் உருவாகிய கோ 205 என்னும் கரும்பு, 1918-இலேயே உழவர் கைக்கு வந்தது. இக்கலப்பின் உள்ளியல்பை ஆராய்ந்தவருள் ஒருவர் அம்மையார். மரபுப் பண்புகளைத் தாங்குவன குரோமோசோம்கள். தடித்த கரும்பில் அவை 80. நாணலிலோ இடத்திற்கேற்ப 40 முதல் 128 வரை வேறுபடும். இவற்றை எண்ணி அறிந்தாலன்றி எதனோடு எது கலக்கும் என்பது விளங்காது. கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து ஆராய்ந்தார் அவர்.

மணம் செய்யாது தனித்து வாழ்ந்த பெண் என்பதாலும், பிறந்த சமூகத்தாலும் உடன் பணியாற்றிய ஆடவரிடையே அவர் இடர்ப்பட்டார் என்பர் வரலாறு எழுதியோர். பின்னர் இங்கிலாந்து சென்றார். 1945-இல் டார்லிங்டனுடன் இணைந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை வெளியிட்டார். நேருவின் அழைப்பால் 1951-இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பணியேற்றார். பத்மஸ்ரீ விருது 1977-இல், எண்பதாம் அகவையில்தான் வந்தது. 1984-இல் மறைந்தார்.

பவானி வட்டாரத்தில் கரும்பை அறியாதார் இலர்; அம்மையாரை அறிந்தாரோ மிகச் சிலர். நம் மாணவியருள் அறிவியல் பயில்வோர் பலர். தமக்கு முன் இவ்வழி நடந்தவர் உண்டு என அறியும் உள்ளம் தளராது. அத்தகையோர் வரலாற்றைத் தமிழில் எழுதி வைத்தலும் தமிழ்த்துறையின் கடமையே என்பது நம் துணிபு.