கடை அண்ணாச்சியோடது, ஃப்ரிட்ஜ் யாரோடது?

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி செக்போஸ்ட் வரை சி.டி.எச். ரோட்டில் வெயில் நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பெட்டிக்கடை, மளிகைக்கடை, பேக்கரி, டீக்கடை என எந்தக் கடை ஆனாலும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு முன்னால் கண்ணில் படுவது கண்ணாடிக் கதவு போட்ட ஆளுயர ஃப்ரிட்ஜ்தான். சிவப்பாக இருக்கும், இல்லாவிட்டால் நீலமாக இருக்கும். பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலும் இதே காட்சிதான். அங்கே கேட்கவே வேண்டாம், கொஞ்சம் மேற்கே போனால் நேமத்தில் கோக் ஆலையே உண்டு.

கோலா யுத்தம் என்றால் நமக்கு ஞாபகம் வருவது விளம்பரங்கள். 1996 உலகக் கோப்பையில் அதிகாரபூர்வ பானமாக ஒருவர் காசு கட்டி நுழைய, அதிகாரபூர்வமாக எதுவும் இல்லை என்றே விளம்பரம் செய்து மற்றவர் பேர் வாங்கிய கதையை இன்றும் எம்.பி.ஏ. வகுப்புகளில் சொல்கிறார்கள். 1977இல் கோக் வெளியேறியது, அந்த இடத்தைத் தம்ஸ் அப் பிடித்தது, 1990 வாக்கில் பெப்சி வந்தது, 1993இல் திரும்பி வந்த கோக், தம்ஸ் அப்பையும் லிம்காவையும் கோல்டு ஸ்பாட்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. இதெல்லாம் வாசகர்களுக்கு அத்துப்படி. டி.வி.யில் நடந்த சண்டை வேடிக்கைக்கு நன்றாக இருந்தது. ஆனால் யார் ஜெயிப்பது என்பதைத் தீர்மானிக்கும் இடம் திருமுல்லைவாயலிலும் பட்டாபிராமிலும் கடை வாசலில் நிற்கும் அந்த இரண்டடி அகலப் பெட்டி.

இந்தத் தொழிலில் அதற்கு ‘விசி கூலர்’ என்று பெயர். கடைக்காரர்கள் ‘கம்பெனி ஃப்ரிட்ஜ்’ என்பார்கள். கம்பெனியே கொண்டுவந்து இறக்கும். சில இடங்களில் டெபாசிட், சில இடங்களில் அதுவும் கிடையாது. ரிப்பேர் என்றால் அவர்களே ஆள் அனுப்புவார்கள். கரன்ட் பில் மட்டும் கடைக்காரர் தலையில். பதிலுக்கு அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அதற்குள் அந்தக் கம்பெனி சரக்கைத் தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது. சேல்ஸ் ஆட்கள் பேச்சில் இதற்கு ‘ப்யூரிட்டி’. வாராவாரம் ஆர்டர் எடுக்க வரும் பையன் கதவைத் திறந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போவான். எந்தத் தட்டில் எந்த பாட்டில், கண் மட்டத்தில் எது, அடியில் எது என்பதெல்லாம் மேலிடத்துத் திட்டம்.

அப்படியென்றால் பொவண்டோ எங்கே போகும்? பன்னீர் சோடா, மோர் பாக்கெட், உள்ளூர்க்காரர் போடும் ஜிஞ்சர் எல்லாம் எங்கே போகும்? கீழே கிரேட்டில், வெயில் பட்டுக்கொண்டு. மே மாதம் 40 டிகிரியில் சுடச்சுட ஒரு கலரை யார் வாங்கிக் குடிப்பார்கள்? விருதுநகரில் 1916இல் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு பொவண்டோ. ருசியில் எந்த வெளிநாட்டு கோலாவுக்கும் குறைந்ததில்லை என்பது என் கட்சி. ஆனால் ருசி பேசுவதற்கு முன்னால் ஜில்லென்று இருக்க வேண்டும். ஐஸ் தொட்டியில் எல்லா கலரும் ஒன்றாக மிதந்த காலத்தில் வாடிக்கையாளர் கை நீட்டியதுதான் தேர்வு. இன்று அந்தக் கை நீள்வதற்கு முன்பே வேறு யாரோ தேர்ந்தெடுத்து முடித்துவிடுகிறார்கள்.

2017 எல்லோருக்கும் நினைவிருக்கும். மெரினாவில் ஜல்லிக்கட்டுக்குக் கூடிய இளைஞர்கள் வெளிநாட்டுப் பானங்களைக் கீழே கொட்டினார்கள். அந்த மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் அமைப்புகள் அறிவித்தன. முந்தைய பருவமழை பொய்த்து ஊரே வறண்டு கிடந்த நேரம், குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்த வழக்கு வேறு. பல கடைகளில் பாட்டில்கள் மறைந்தன, பொவண்டோவுக்குத் திடீர் கிராக்கி வந்தது. அப்புறம் என்ன ஆயிற்று? கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் பழையபடி திரும்பின. உணர்ச்சி வடிந்தது என்று அதற்குக் காரணம் சொல்கிறார்கள். நான் வேறு மாதிரி நினைக்கிறேன். கடைக்காரரால் பாட்டிலைத்தான் மறுக்க முடிந்தது. ஃப்ரிட்ஜை மறுத்தால், அடுத்த நாள் தண்ணீர் பாட்டிலைக்கூட எதில் குளிர வைப்பது?

2023 மார்ச்சில் கேம்பா கோலா மறுபிறவி எடுத்தபோது 200 மில்லி பாட்டிலுக்கு 10 ரூபாய் என்று விலை வைத்தார்கள், கடைக்காரருக்குக் கூடுதல் கமிஷனும் கொடுத்தார்கள். பெரியவர்கள் ஆடிப்போனார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. 1964இல் உருவான அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து வரும் தொழிலாளிக்கு இந்த 10 ரூபாய் பெரிய விஷயம், டீயே அதைத் தாண்டிவிட்டது. அந்தப் 10 ரூபாயில் ஏறக்குறைய 2 ரூபாய் 86 காசு வரி. குளிர்பானத்துக்கு 28 சதவீதமும் அதன் மேல் 12 சதவீத செஸ்ஸும் இருந்ததை 2025 செப்டம்பர் 22 முதல் ஒரே 40 சதவீதமாக ஆக்கிவிட்டார்கள். உலகக் கம்பெனிக்கும் அதுதான், ஆவடியில் இரண்டு ஆளை வைத்து லெமன் சோடா அடைப்பவருக்கும் அதே விகிதம்தான்.

மூன்றாவது போட்டியாளர் வந்தால் கடைக்காரருக்கு நல்லதுதானே என்பார்கள். விலையில் நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதிதாக வருபவரும் தன் பங்குக்கு ஒரு ஃப்ரிட்ஜோடுதான் வர வேண்டியிருக்கிறது. பத்தடி முகப்புள்ள கடையில் எத்தனை பெட்டியை நிறுத்துவது? காசு போட்டு ஃப்ரிட்ஜ் கொடுப்பவர் தன் சரக்கைத்தான் வைக்கச் சொல்வார், அந்தப் பெட்டி இல்லாவிட்டால் சின்னக் கடையில் ஜில் தண்ணீரே கிடையாது என்று கம்பெனிகள் தரப்பில் சொல்வதுண்டு. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

இந்த நியாயத்தை ஐரோப்பாவில் எடுத்து அலசிவிட்டார்கள். அயர்லாந்தில் ஐஸ்கிரீம் பெட்டியை இலவசமாகக் கொடுத்து, வேறு ஐஸ்கிரீம் அதில் கூடாது என்று போட்ட நிபந்தனை போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று 1998இல் ஐரோப்பிய ஆணையம் முடிவு செய்தது. நீதிமன்றமும் அதை ஏற்றது. குளிர்பானத்துக்கு 2005இல் ஓர் ஏற்பாடு வந்தது. கடையில் வாடிக்கையாளர் கைக்கு எட்டும் வேறு குளிர்பெட்டி இல்லையென்றால், சந்தையில் முன்னணியில் இருக்கும் கோலா இலவசமாகக் கொடுத்த பெட்டியிலும் குறைந்தது 20 சதவீத இடத்தில் கடைக்காரர் இஷ்டப்பட்டதை வைக்கலாம். 2010 இறுதி வரை அது அமலில் இருந்தது. கம்பெனி ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை.

நம்மிடமும் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் இருக்கிறது. ஒருவர் சரக்கை மட்டுமே விற்க வேண்டும் என்ற ஒப்பந்தம் போட்டியைக் கெடுக்கிறதா என்று பார்க்க அதில் பிரிவும் இருக்கிறது. ஆனால் காலை ஐந்து மணிக்குப் பால் பாக்கெட் இறக்கி, இரவு பதினொரு மணிக்கு ஷட்டர் போடும் ஒருவர் வக்கீல் வைத்து டெல்லிக்கு மனு போடுவார் என்று எதிர்பார்க்க முடியுமா? அதைச் சங்கங்கள்தான் செய்ய வேண்டும்.

வருஷா வருஷம் மே 5 வணிகர் தின மாநாடுகளில் ஆன்லைன் வியாபாரம், ஜி.எஸ்.டி., மாமூல் என்று நீளமாகத் தீர்மானம் போடுகிறார்கள். ஃப்ரிட்ஜையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். 20 சதவீதம் என்றால் ஐந்து தட்டுப் பெட்டியில் ஒரு தட்டு. அதில் அண்ணாச்சி பொவண்டோ வைப்பாரோ, மோர் வைப்பாரோ, வீட்டுக்கு வாங்கிய கறிவேப்பிலையைத்தான் வைப்பாரோ, அது அவர் பாடு.